பனியைச் சேமிக்கும் பள்ளத்தாக்கு



நெய்வேலி நகரியத்தில் வளரும் பிள்ளைகளிடம் "மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் குவிந்து நிற்கும் மேட்டைத்தான் கைநீட்டிக் காட்டுவார்கள். கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரங்கூட இல்லாத சமவெளி நம்முடையது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் தெரியவந்தது. 1956இல் நிறுவனம் பதிவாயிற்று; 1957இல் சுரங்கப் பணி தொடங்கிற்று. அன்றிலிருந்து இவ்வூரின் பார்வை முழுவதும் கீழ்நோக்கியே இருந்து வருகிறது. மண்ணை அகழ்ந்து, அதன் அடியில் உறங்கும் கரியை எடுத்து, அதை எரித்து விளக்கேற்றுவதே நம் ஊரின் வாழ்வு.

இந்தக் கட்டுரையில் உங்களை எதிர்த் திசையில், மேல்நோக்கி அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

உலகில் உயர்ந்த மலைப் பள்ளத்தாக்கு என்றதும் படித்தவர் பலருக்கும் நினைவுக்கு வருவது தென்னமெரிக்காவின் பெரு நாடாகும். அங்கே ஆண்டீஸ் மலைத்தொடரின் மடியில், உருபம்பா ஆற்றின் இரு கரைகளிலும், இன்கா மக்கள் படிப்படியாகக் கல் வரப்புக் கட்டி வயல் அமைத்தார்கள். பிசாக், ஒல்லந்தாய்தம்போ ஆகிய ஊர்களின் மலைச்சரிவுகளில் அந்தப் படிக்கட்டு வயல்களை இன்றும் காணலாம். அவர்களுடைய தலைநகரான குஸ்கோ ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரும்புக் கருவியும் வண்டிச் சக்கரமும் இல்லாமல் அவர்கள் அமைத்த கால்வாய்களில் சில இன்றைக்கும் ஒல்லந்தாய்தம்போவின் தெருக்களில் சலசலத்து ஓடுகின்றன.

பெரு நாடு நமக்கு எட்டாத தொலைவு. ஆனால் அதே உயரத்தில், அதே போன்ற கல் வரப்பு வயல்களுடனும், அதனினும் கடுமையான குளிருடனும் ஒரு பள்ளத்தாக்கு நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் லடாக்கில் சிந்து நதி ஓடும் பள்ளத்தாக்கு. அதன் நடுநாயகமான லே நகரின் உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். விடுமுறைப் பயணச் சலுகை பெற்று வடக்கே செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் டெல்லி, ஆக்ரா, அஜ்மீர் ஆகியவற்றைக் கண்டு திரும்பிவிடுகின்றன. இன்னும் கொஞ்சம் மேலே சென்றால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

போகும் வழி

லேயை அடைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வான்வழி. டெல்லியிலிருந்து விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இமயத்தின் வெண்முடிகளைத் தாண்டி லேயில் இறங்கிவிடலாம். மற்றது தரைவழி. நேரம் உள்ளவர்கள் இதனையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். ஏனெனில் மலை நம்மைச் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்வது இவ்வழியில்தான்.

சென்னையிலிருந்து ஜம்மு வழியாகக் கட்ரா வரை நேரடி ரயில் இருக்கிறது. அதற்கு மேலும் ரயில் போகும் காலம் வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தின் மீது அந்த ரயில் செல்கிறது. ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குச் சாலைவழி சுமார் 430 கிலோமீட்டர். இரண்டு நாள் பயணம். கார்கிலில் ஓர் இரவு தங்கவேண்டும்.

சோனாமார்க் வரை பசுமை உங்கள் கூடவே வரும். பைன் மரங்களும் புல்வெளியும் ஓடைகளுமாகக் காஷ்மீரம் விடைகொடுக்கும். அதன்பின் ஸோஜிலா கணவாய். ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாயைத் தாண்டியதும் யாரோ திரையை மாற்றிவிட்டதுபோல் காட்சி மாறிவிடும். மரம் இல்லை, புல் இல்லை. செம்மண் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் ஊதா நிறத்திலும் மொட்டை மலைகள் வரிசையாக நிற்கும். மழைமேகங்களை இமயம் தெற்கேயே தடுத்து நிறுத்திவிடுவதே இதற்குக் காரணம். கடலூர் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. லேயில் பெய்வதோ சுமார் 100 மில்லிமீட்டர்தான். வடகிழக்குப் பருவக்காற்று வலுத்தால் நமக்கு ஒரே இரவில் பெய்துவிடக்கூடிய மழை அது!

உடலுக்கு இரண்டு நாள்

பயணத்தின் அழகைப் பேசுமுன் அதன் எச்சரிக்கையைச் சொல்லிவிடுவது கடமை. 3,500 மீட்டர் உயரத்தில், ஒரு மூச்சுக்கு நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்குதான். விமானத்தில் திடீரென்று போய் இறங்குவோருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை வரக்கூடும். முதல் இரண்டு நாள்கள் எங்கும் அலையாமல் ஓய்வெடுக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேளாமல் கிளம்பக் கூடாது. மூச்சுத்திணறல் கூடினால் மனவலிமையால் சமாளித்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்வதும் தாழ்ந்த இடத்துக்கு இறங்குவதுமே சரியான வழி. ஜூன் முதல் செப்டம்பர் வரை உகந்த காலம். சாலைவழி செல்வோர் பாதை நிலவரத்தையும் அரசு அறிவிப்புகளையும் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

சாலையோரம் ஒரு சரித்திரம்

கார்கில் என்றதும் நமக்கு 1999ஆம் ஆண்டின் போர்தான் நினைவுக்கு வருகிறது. அப்போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவிடம் வழியிலே திராஸில் இருக்கிறது. ஆனால் கார்கில் அதற்கு வெகுகாலம் முன்பே வணிகர்களின் சந்திப்பூராகத் திகழ்ந்த ஊர். ஸ்ரீநகர், லே, ஸ்கர்டு, சன்ஸ்கார் என நான்கு திசைப் பாதைகளும் கூடும் இடம் அது. முன்ஷி அஜீஸ் பட் என்ற வணிகர் 1920இல் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். அதில் வந்துபோன வணிகக் கூட்டங்களின் துணிகள், சேணங்கள், கடிதங்கள் ஆகியவற்றை அவர் வழித்தோன்றல்கள் காப்பாற்றி, ஓர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். கார்கில் மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். அங்கே ஸலாம் சொல்லி வரவேற்பார்கள். லேயை நெருங்க நெருங்க "ஜூலே" என்ற லடாக்கி வணக்கம் கேட்கத் தொடங்கும். சில இடங்களில் ஒரே தெருவில் இரண்டும் கேட்கும்.

கார்கிலைத் தாண்டியதும் முல்பெக்கில், சாலையோரப் பாறையொன்றில் பல ஆள் உயரத்துக்குச் செதுக்கிய மைத்ரேய புத்தர் நிற்கிறார். ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்ததாகக் கருதப்படும் சிற்பம் அது. அடுத்து நாமிக்கா லா, ஃபோட்டு லா என்ற இரு கணவாய்கள். 4,100 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாதான் இச்சாலையின் உச்சி. அங்கிருந்து இறங்கினால் லாமாயுரு. பழைய ஏரி வற்றிப்போன மஞ்சள் களிமண் மேடுகள் காற்றிலும் நீரிலும் அரிக்கப்பட்டு, வேறோர் உலகில் வந்து இறங்கியதுபோல் தோன்றும்.

அதன்பின் வருகிறது சிந்து. நம் நாட்டின் பெயருக்கே மூலமான அந்த நதி, கடலிலும் சமவெளியிலும் நாம் கற்பனை செய்த பேராறாக அங்கே இல்லை. மலைகளின் இடுக்கில் விரைந்தோடும் சாம்பல் நிற ஆறாகவே இருக்கிறது. அதன் கரைப் பாறைகளில் பழங்கால வேட்டைக்காரர்கள் கீறிய மலையாட்டு உருவங்கள் பல இடங்களில் இருக்கின்றன. ஆற்றின் அக்கரையில் ஆல்ச்சி. அங்குள்ள சிறிய கோயில்கள் ஏறத்தாழ 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. காஷ்மீரத்துக் கைவினைஞர்களின் சாயல் அங்குள்ள சுவரோவியங்களிலும் மர வேலைப்பாடுகளிலும் தெளிவாகத் தெரிகிறது. நிம்மு என்னும் ஊரையடுத்துச் சன்ஸ்கார் ஆறு சிந்துவோடு கலக்கிறது. கோடையில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சேறு கலந்தும் வந்து, சிறிது தூரம் ஒன்றோடொன்று சேராமல் ஓடும் காட்சியைச் சாலையில் நின்றபடியே பார்க்கலாம்.

லே நகரம்

லே நகரின் தலைக்கு மேலே ஒன்பது அடுக்கு அரண்மனை நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மன்னர் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்தது. திபெத்தின் புகழ்பெற்ற பொடாலா மாளிகைக்கும் இது மூத்தது. இந்த மன்னரின் தாய் கியால் காத்தூன், பால்டிஸ்தானின் முஸ்லிம் அரச குடும்பத்திலிருந்து மணமுடித்து வந்த பெண்மணி. கட்டடக் கலைஞரும் பால்டி முஸ்லிமே என்பது லடாக்கின் வழிவழிச் செய்தி.

அரண்மனையின் அடிவாரத்தில், கடைத்தெரு முடியும் இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. பிற்காலத்தில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. அதன் பின்புறச் சந்துகளில் தந்தூர் அடுப்பு எரியும் ரொட்டிக் கடைகள் உண்டு. காலையில் பௌத்தரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்று சூடான ரொட்டி வாங்கிப் போவார்கள். உணவு பற்றி நம்மவர்களுக்கு அங்கே கவலை வேண்டியதில்லை. சற்றே அப்பால், 'த்சாஸ் சோமா' என்னும் தோட்டப் பகுதியில், லேயின் முதற்பள்ளிவாசல் என்று சொல்லப்படும் சிறு பள்ளியும், அதையொட்டி மத்திய ஆசிய அருங்காட்சியகமும் இருக்கின்றன. நகருக்கு வெளியே ஷே என்ற ஊரிலும் ஒரு பழைய பள்ளி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஸையித் அலீ ஹமதானி (ரஹ்) அவர்கள் அவ்வழியே வந்ததோடு அதை இணைத்துச் சொல்கிறார்கள்.

அந்தத் தோட்டத்தில்தான் யார்க்கண்டிலிருந்து வந்த வணிகக் கூட்டங்கள் ஒரு காலத்தில் பாரம் இறக்கின. 5,500 மீட்டருக்கும் உயர்ந்த காரகோரம் கணவாயைக் குதிரைகளோடும் ஒட்டகங்களோடும் கடந்து, கம்பளமும் பட்டும் கொண்டுவந்தார்கள். துணியும் நறுமணப் பொருள்களும் கொண்டுபோனார்கள். அவர்களுள் சிலர் லடாக்கிப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களின் வழிவந்தோர் 'அர்கோன்' என்று அழைக்கப்படுகின்றனர். 1940களின் இறுதியில் எல்லைகள் மூடியதும் அந்த வணிகம் நின்றது. அந்த வணிகவழி மனிதர்களில் ஒருவரான குலாம் ரசூல் கல்வான், வெள்ளைக்காரப் பயணிகளுக்குக் குதிரைக்காரராகத் தொடங்கிக் கூட்டத் தலைவராக உயர்ந்தவர். ஆங்கிலத்தில் தம் வரலாற்றை எழுதி 1923இல் நூலாகவும் வெளியிட்டார். செய்தித்தாள்களில் நாம் படித்த கல்வான் பள்ளத்தாக்கு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

தண்ணீரின் தலைவர்

அரண்மனையும் பள்ளிவாசலும் மடங்களும் எல்லாப் பயணிகளும் பார்ப்பவை. நீங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொட்டை மலைகளின் நடுவே திடீரென்று ஒரு பச்சைத் திட்டு தெரியும். வாதுமரமும் வில்லோ மரமும் சூழ, வாற்கோதுமை வயல்கள் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு வயலும் கல் வரப்பால் தாங்கப்பட்டிருக்கும். அந்தப் பசுமை எங்கே முடிகிறதோ, அங்கேயே கால்வாயும் முடிந்திருக்கும். ஓர் அடி தள்ளினால் பாலைநிலம்.

மழையே இல்லாத நிலத்தில் இது எப்படி? மலையுச்சியின் பனியாறு உருகி வரும் ஓடையிலிருந்து 'யூரா' எனும் கால்வாய் வெட்டி, மலையின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள். இரவில் வரும் நீர் 'ஜிங்' என்னும் குளத்தில் நிறைகிறது. விடிந்ததும் அது வயலுக்குத் திறந்துவிடப்படுகிறது. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை முடிவு செய்ய ஊர் கூடி ஒருவரை நியமிக்கிறது. அவர் பெயர் 'சுர்போன்'. 'சு' என்றால் நீர். 'போன்' என்றால் தலைவர். நம் ஏரிப் பாசன ஊர்களின் நீர்க்கட்டி, மடையரை ஒத்த பொறுப்பு இது. சுர்போன் வயதில் மூத்தவராகவோ பணக்காரராகவோ இருக்க வேண்டியதில்லை. பல ஊர்களில் முறை வைத்து ஆண்டுக்கு ஒருவர் மாறுகிறார். இன்றைக்குப் பிறருக்கு நீர் அளந்தவர், அடுத்த ஆண்டு இன்னொருவர் அளப்பதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். திருட்டுத்தனமாக மடை திறந்தால் தண்டம். இந்த ஊர்வழக்கங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவரித் திட்டத்தின்போது எழுத்திலும் பதிவாயின. நீர்ச் சச்சரவு எழுந்தால் அந்தப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது உண்டு.

ஆண்டீஸ் மலைவாழ் மக்களிடமும் இதே முறை இருப்பதை எண்ணிப் பாருங்கள்! அங்கேயும் ஊர் கூடி நீர்ப் பொறுப்பாளரை அமர்த்துகிறார்கள். ஆண்டுதோறும் கால்வாய் தூர்வாரும் நாளைத் திருவிழாவாகவே கொண்டாடுகிறார்கள். 1532இல் ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ இன்கா மன்னர் அதாவல்பாவைச் சிறைப்பிடித்தான். பேரரசு வீழ்ந்தது. ஆனால் கால்வாய் தூர்வாரும் வழக்கம் வீழவில்லை. உணவு காக்கும் முறையிலும் இரு மக்களும் ஒத்திருக்கிறார்கள். இன்காக்கள் உருளைக்கிழங்கை இரவுக் குளிரில் உறைய விட்டு, மிதித்துப் பிழிந்து, பகல் வெயிலில் உலர்த்தி வைத்தார்கள். லடாக்கியர் வாதுமைப் பழத்தையும் கீரையையும் கூரையில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். ஆண்டீஸில் பிறந்த அந்த உருளைக்கிழங்கே இன்று லடாக் வயல்களிலும் விளைகிறது, குழி தோண்டிப் புதைத்துப் பனிக்காலம் முழுவதும் காக்கப்படுகிறது. நம் வீட்டுக் குழம்பிலும் வேகிறது!

பனியை நட்ட பொறியாளர்கள்

சுர்போனின் நீதியால் நீரைப் பங்கிட முடியும். நீரை உண்டாக்க முடியாது. விதைப்புக் காலம் ஏப்ரல், மே. உயரத்திலுள்ள பனியாறுகள் நன்றாக உருகுவதோ ஜூனுக்குப் பிறகு. நடுவில் உள்ள அந்த வாரங்களில்தான் உழவரின் மனம் பதைக்கும். பனி குறைந்துவரும் இக்காலத்தில் அந்தப் பதைப்பு மேலும் கூடியிருக்கிறது.

இதற்கு ஒரு வழி கண்டவர் செவாங் நோர்ஃபெல். அரசின் ஊரக வளர்ச்சித் துறையில் பணிபுரிந்த பொறியாளர். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்காதிருக்க நீரைத் திறந்தே விடுவார்கள். அப்படி ஓடி வீணான நீர், மரநிழலில் பனிக்கட்டியாகத் தேங்கி நிற்பதை அவர் கண்டார். வீணாகும் குளிர்கால ஓடைநீரை நிழலுள்ள சரிவுக்குத் திருப்பி, கல் தடுப்புகளால் வேகத்தைக் குறைத்து, அங்கேயே உறையவைத்தால் என்ன என்று எண்ணினார். 1987இல் தம் முதல் செயற்கைப் பனியாற்றை அமைத்தார். ஊருக்கு அருகில் தாழ்வான இடத்தில் இருப்பதால் அது விதைப்புக் காலத்திலேயே உருகி வயலுக்கு வந்தது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர் வழியில் சோனம் வாங்சுக் என்ற பொறியாளர் 2013-14 குளிர்காலத்தில் 'பனி ஸ்தூபி'யைச் செய்து காட்டினார். மேட்டிலுள்ள ஓடையிலிருந்து குழாய் வழியே நீர் பள்ளத்துக்கு வருகிறது. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். மேட்டிலிருந்து இறங்கிய அழுத்தத்தால் நீர் நீரூற்றுபோல் மேலே பீச்சியடிக்கும். உறையும் குளிரில் அது விழும்போதே பனியாகி, கூம்பாக வளரும். தரையில் பரந்து கிடக்கும் பனியைவிடக் கூம்பின் மீது வெயில் படும் பரப்பு குறைவு. ஆகவே மெல்ல உருகி, கோடை வரை நின்று கொடுக்கும்.

எல்லா ஊர்களும் இப்படித் தப்பிக்கவில்லை. சன்ஸ்காரில் குமிக் என்னும் பழைய கிராமம் இருக்கிறது. அதன் ஒரே ஆதாரமான மலைப்பனி குறைந்துகொண்டே போயிற்று. 2000ஆம் ஆண்டு வறட்சியின்போது ஊரார் கூடி, பல தலைமுறைகளாக வாழ்ந்த அவ்விடத்தைவிட்டுக் கீழே ஆற்றங்கரை நிலத்துக்குக் குடிபெயர முடிவெடுத்தனர். நீர் இல்லாமையால் ஒருபுறம் இப்படி. திடீர்ப் பெருமழையால் மறுபுறம் அழிவு. 2010 ஆகஸ்ட் 6ஆம் நாள் நள்ளிரவையொட்டி லேயில் கொட்டிய மழையும் சேற்று வெள்ளமும் இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. பெரு நாட்டிலும் கடந்த அறுபது ஆண்டுகளில் பனியாறுகளின் பரப்பில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டதாக அந்நாட்டின் ஆய்வு நிறுவனம் தெரிவித்துள்ளது. இன்காக்களின் கால்வாய் இருக்கிறது; கால்வாயின் தலைமாட்டில் இருந்த பனி போய்க்கொண்டிருக்கிறது.

நம் ஊரிலிருந்து பார்க்கும்போது

நெய்வேலிவாசிகளே! இந்த இடத்தில் நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் சுரங்கத்துக்கு நீர்தான் முதல் எதிரி. நிலக்கரிப் படிவத்தின் அடியில் ஊற்றழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் வெளியேற்றப்படுகிறது. அந்த நீர் அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் பயன்பட்டது. சென்னை தவித்த ஆண்டுகளில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீர் வீராணம் குழாய்வழியே அங்கும் சென்றது. ஆனால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் கீழே போய்விட்டதென்று உழவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நீரில்லாமல் குமிக் மக்கள் ஊரைவிட்டார்கள். கரிக்காக இங்கேயும் ஊர்விட்டுப் போன கிராமத்தார் பலர். ஊரிழந்தவரின் துயரம் எந்த மலையிலும் எந்தச் சமவெளியிலும் ஒன்றே.

கரியை எரிப்பதால் வானில் சேரும் வாயு உலகின் வெப்பத்தைக் கூட்டுகிறது. பழுப்பு நிலக்கரியில் ஓர் அலகு மின்சாரத்துக்கு அது இன்னும் அதிகம். இதை மறைப்பதில் பயனில்லை. அதே வேளையில், நம் பிள்ளைகளின் படிப்பும் அடுப்பில் ஏறும் உலையும் இந்தக் கரியால் வந்தவை என்பதையும் மறக்கலாகாது. தமிழகத்தின் எத்தனையோ சிற்றூர்களில் முதல் விளக்கு ஏறியது இதனால்தான். லடாக்கியரும் மின்சாரம் வேண்டாமென்று சொல்பவர்கள் அல்லர். 2014இல் நிமூ-பாஸ்கோ நீர்மின் நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோதும், 2019இல் ஸ்ரீநகரிலிருந்து மின்தொடர் கம்பி லேயை எட்டியபோதும் அவர்கள் மகிழ்ந்தார்கள். ஆகவே யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது என் நோக்கமன்று. நம் வீட்டில் ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறிக்கும், எங்கோ ஒரு சுர்போன் அண்ணாந்து பார்க்கும் மலைப்பனிக்கும் தொடர்பு உண்டு என்பதை நெய்வேலியில் வாழும் நாம் மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

போய் வருவோருக்கு

வெளியார்க்கு லடாக் திறக்கப்பட்டது 1974இல்தான். அவ்வாண்டு வந்தோர் சில நூறு பேர். 2022இல் வந்தோர் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. உள்ளூர் வீடுகளின் மரபான கழிப்பறைக்கு நீரே தேவையில்லை. மண்ணும் சாம்பலும் இட்டு, உரமாக்கி வயலுக்குக் கொண்டுபோவார்கள். விடுதிகளோ நமக்காக ஆழ்குழாய்க் கிணறு தோண்டி, நாள் முழுதும் வெந்நீர் தருகின்றன. விருந்தாளியின் வசதிக்காக வீட்டுக்காரரின் குடம் காலியாகலாமா?

ஆகவே, சகோதரர்களே, சகோதரிகளே! அங்கே போனால் ஒரு வாளி நீரில் குளித்து முடியுங்கள். கூடுமானால் கிராமத்து வீடுகளில் தங்குங்கள். உங்கள் பணம் வயல் வைத்திருப்பவரின் கைக்கே போய்ச் சேரும். துண்டு, போர்வைகளை நாள்தோறும் துவைக்கச் சொல்லாதீர்கள். நெகிழிப் புட்டிகளை மலையில் விட்டு வராதீர்கள். வாய்க்கால் ஓரம் நடக்கும்போது அதில் காலலம்ப வேண்டாம். கீழே அதையே குடிப்போர் இருக்கக்கூடும். ஒளூச் செய்யும்போதுகூட நீரை வீணாக்கலாகாது என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாடத்தை ஓர் ஊரே சேர்ந்து எப்படிக் கடைப்பிடிக்கிறது என்பதை அங்கே கண்ணால் காணலாம்.

பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அரண்மனையைக் காட்டிய பிறகு, ஏதேனும் ஒரு கிராமத்தில் ஜிங் குளத்தின் கரைக்குக் கூட்டிப் போங்கள். இந்த ஆண்டின் சுர்போன் யார் என்று ஊராரைக் கேளுங்கள். மடை திறக்கும் நேரமாக இருந்தால் நின்று பாருங்கள். முதல் வயல் நிறைந்ததும், யாரும் யாரையும் கூப்பிடாமலே அடுத்த வயலுக்குரியவர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். அவர் முறை முடியும்வரை மூன்றாமவர் காத்திருப்பார்.

இன்ஷா அல்லாஹ், உங்கள் பயணம் நலமாக அமையட்டும்.